தேசிய செஸ் சாம்பியன் மானுவல் ஆரோன்: பாளையங்கோட்டைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் மாலைதோறும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அறைச் சுவரில் ‘மானுவல் ஆரோன், தேசிய சாம்பியன், 9 முறை’ என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் படித்துவிடுவார்கள். கேள்வி அங்கிருந்து தொடங்கும். ஆரோனில் தொடங்கி ரேட்டிங், ரயில் டிக்கெட், தோற்றுவிட்டு அழும் பிள்ளை என்று எங்கெங்கோ போய் முடியும். வாசலில் நின்றபடி அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் இங்கே தந்திருக்கிறேன்.

அண்ணாச்சி, சுவரில் எழுதியிருக்கிறீர்களே, யார் இந்த மானுவல் ஆரோன்?

இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள சர்வதேசப் பட்டம் அது. 1961-இல் அந்தப் பட்டம் பெற்றார். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆட்டக்காரரும் அவர்தான். விருது தொடங்கப்பட்ட 1961-ஆம் ஆண்டின் பட்டியலிலேயே அவர் பெயர் இருக்கிறது. 1959-க்கும் 1981-க்கும் இடையில் 9 முறை தேசிய சாம்பியன். 1960-இல் லைப்சிக், 1962-இல் வர்னா, 1964-இல் டெல் அவிவ் என, நாடுகள் அணி அணியாக மோதும் செஸ் ஒலிம்பியாடில் மூன்று முறை இந்தியாவுக்காக ஆடினார்.

ஆனந்துக்கு முன்னால் இந்தியாவில் செஸ்ஸே இல்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் அந்த அட்டையை ஒட்டினேன். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் ‘தால் செஸ் கிளப்’ தொடங்கியது. அதை உருவாக்கியவர் ஆரோன். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது போய் ஆடிப் பழகிய இடம் அதுதான்.

பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறதே. நாசரேத்தா, பாளையங்கோட்டையா?

பிறந்தது பர்மாவில், டவுங்கூ என்ற ஊரில், 1935 டிசம்பர் 30 அன்று. வளர்ந்தது தமிழ்நாட்டில். ஆரோன் என்பது நம் பக்கத்துத் திருச்சபைக் குடும்பங்களில் புழங்கும் பெயர். பர்மாவுக்குப் போய்த் திரும்பிய குடும்பங்களும் இங்கே உண்டு. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் குறைவு. தமிழ்நாடு மாநிலப் பட்டத்தைப் பல முறை வென்றவர் அவர். உரிமை கொண்டாட நமக்கு அது போதும்.

தேசிய சாம்பியன் என்றால் இந்தியாவிலேயே பெரிய ஆட்டக்காரர் என்றுதானே பொருள்?

அப்படி இல்லை. அந்த முறை நடந்த தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றவர் என்று பொருள். முதல் தேசியப் போட்டி 1955-இல் ஆந்திராவின் ஏலூரில் நடந்தது. ராமச்சந்திர சப்ரேயும் டி. வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் பல ஆண்டுகள் ‘நேஷனல் பி’ என்று ஒரு பெரிய போட்டி நடத்தி, அதில் தேறியவர்களை ‘நேஷனல் ஏ’ போட்டியில் ஒவ்வொருவரும் எல்லோரோடும் ஆடும்படி உட்கார வைத்தார்கள். அதில் தப்பிக்க வழியே கிடையாது. பலமானவர் எல்லோரையும் சந்தித்தே ஆக வேண்டும்.

இப்போது சுவிஸ் முறை. சமீப ஆண்டுகளில் 11 சுற்று நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய தன் அளவு புள்ளி வைத்திருப்பவரோடு ஆட வேண்டும். தோற்றாலும் வெளியேற வேண்டியதில்லை. ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். ஒரு ஆட்டம் நான்கு மணி நேரத்தைத் தொடுவது சாதாரணம். இப்படிப் பத்து நாளுக்கு மேல் தினமும் உட்கார்ந்து முதலிடத்தில் முடிப்பவர்தான் சாம்பியன். அந்த நேரத்தில் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் பெரிய ஆட்டக்காரர் இங்கே வந்திருக்க மாட்டார். அதற்காகப் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடாது. வந்து உட்கார்ந்தவர்களில் முதல்வர் என்பது சாதாரணப் பேச்சா?

குகேஷ் உலக சாம்பியன் ஆகிவிட்டார். அப்படியானால் தேசிய சாம்பியனாகவும் இருந்திருப்பார் அல்லவா?

இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ், பெரியவர்களுக்கான தேசியப் பட்டத்தை வென்றதில்லை. மேலே சொன்ன காரணம்தான். ஆனந்த் இரண்டையும் வென்றவர்: 1986-இல் 16 வயதில் தேசிய சாம்பியன், அதன் பிறகு 1987, 1988. உலகப் பட்டம் பிற்பாடு வந்தது.

எங்கள் தாத்தா ஆடினால் ராஜா ஒரு தடவை குதிரை மாதிரித் தாவும். அது தப்பு என்று நீங்கள் பிள்ளையிடம் சொன்னீர்களாம். யார் சொல்வது சரி?

தப்பு என்று நான் சொல்லவில்லை. போட்டியில் செல்லாது என்றேன். தாத்தா ஆடுவது நம் நாட்டுப் பழைய ஆட்டம். அதில் செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரைத் தாவல் தாவலாம். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிடாது. எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் இதில் சிறு வேறுபாடுகளும் இருந்தன. கல்லிடைக்குறிச்சியில் ஒரு திண்ணையில் இரண்டு பெரியவர்கள் இந்த ஆட்டம் ஆடியதைச் சிறுவனாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேச்சே இருக்காது. ராஜா தாவியதும் எதிராளி வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். ஆட்டம் அப்போதுதான் சூடு பிடிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்தான் மீர் சுல்தான் கான். இங்கிலாந்துக்குப் போய்ச் சர்வதேச விதிகளில் ஆடி, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஆகவே பழைய ஆட்டத்தில் மூளை வளராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்தால் தொடக்க ஆட்டமே வேறு. ராஜா தாவ முடியும் என்றால் அவரைப் பாதுகாக்கும் வழியும் வேறு. ஐரோப்பாவில் நூறு ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த தொடக்க ஆட்டப் புத்தகங்கள் நம்மவருக்கு உதவாமல் கிடந்ததற்கு இதுதான் காரணம். 1960-கள் வரை இந்தியாவில் பல இடங்களில் உள்ளூர் விதிகளே நடப்பில் இருந்தன.

அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆரோன். ஆட்டக்காரர்களைக் குழுக்களாகச் சேர்த்தார், சர்வதேச விதிகளில் ஆட வைத்தார், புத்தகத்தைத் திறந்து படியுங்கள் என்று விடாமல் சொன்னார். அவருடைய ஒன்பது பட்டங்களைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது. தாத்தாவோடு ஞாயிற்றுக்கிழமை தாவுகிற ராஜாவை வைத்து ஆடட்டும். சனிக்கிழமை போட்டியில் தாவாத ராஜாவை வைத்து ஆடட்டும். பிள்ளைகளுக்கு இரண்டும் தாங்கும்.

ஆரோன் ரேட்டிங் எவ்வளவு வைத்து இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார்?

ரேட்டிங் என்பது ஒருவரின் ஆட்ட பலத்தைக் காட்டும் எண். அப்போது அது கிடையாது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, எலோ என்பவர் வகுத்த ரேட்டிங் முறையை ஏற்றுக்கொண்டது 1970-இல்தான். அதற்கு முன் மண்டலப் போட்டிகளில் வென்று காட்ட வேண்டும். மங்கோலியாவின் சுகெய்ன் மோமோவை ஆரோன் 3-1 என்று வென்றார். அடுத்து ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3-0 என்று வென்றார். பர்டி சாதாரண ஆள் அல்ல. கடிதம் மூலம் ஆடும் செஸ்ஸில் உலகின் முதல் சாம்பியன். அந்த வெற்றிதான் ஆரோனுக்குப் பட்டத்தையும், அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த பெரிய போட்டிக்குப் போகும் வாய்ப்பையும் தந்தது.

இப்போதைய கணக்கு வேறு. இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு ரேட்டிங் 2400-ஐத் தொட வேண்டும், கிராண்ட்மாஸ்டருக்கு 2500. அதோடு ‘நார்ம்’ என்ற தகுதியை மூன்று முறை பெற வேண்டும். பட்டம் வாங்கிய பலமான ஆட்டக்காரர்களும் பிற நாட்டவரும் கலந்த போட்டியில் குறிப்பிட்ட உயரத்தில் ஆடிக் காட்டினால் ஒரு நார்ம்.

ஸ்டாக்ஹோமில் அவர் கடைசி இடம் என்று படித்தேன். கடைசியாக வந்தவரையா பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள்?

கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அன்று பிள்ளைகள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கேள்விகளை எழுத உட்கார்ந்ததே அவருக்குப் பதில் சொல்லத்தான்.

1962-இன் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் நடந்தது இன்டர்சோனல் போட்டி. உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் பாதையில் அது ஒரு படி. 23 பேர், ஒவ்வொருவரும் மற்ற 22 பேரோடும் ஆட வேண்டும். 19 வயது நிரம்பாத பாபி ஃபிஷர் 17½ புள்ளியோடு முதலிடம் பெற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஒருவர் பெட்ரோசியன். மறு ஆண்டே உலக சாம்பியன் ஆனவர். இப்படிப்பட்டவர்கள் நடுவே, ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாத நாட்டிலிருந்து போய் உட்கார்ந்தவர் ஆரோன். 23-ஆவது இடம்தான். ஆனால் அந்த 23-ஆவது இடத்துக்காரர் ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷை வென்றார். கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மானையும் வென்றார். போர்டிஷ் ஹங்கேரியின் தேசியப் பட்டத்தை 9 முறை வென்றவர். நம் ஆரோனும் 9. இரண்டு ஒன்பதுகளும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்தபோது நம்மவர் வென்றார் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் குளிர் நாட்டில், தோற்றுத் தோற்று, மறுநாளும் அதே அரங்குக்குப் போய்க் கைகுலுக்கி உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டு வெற்றிகளும் அத்தனை தோல்விகளோடு சேர்ந்து வந்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டாக்ஹோம் போகும் முன் அவரிடம் இருந்த தேசியப் பட்டங்கள் இரண்டு: 1959, 1961. மற்ற ஏழும் அந்தக் கடைசி இடத்துக்குப் பிறகு வந்தவை. ஐயா, அந்த ஏழுக்காகத்தான் அவரைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இத்தனை பட்டம் வாங்கியவர் ஏன் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை?

கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டுமானால் கிராண்ட்மாஸ்டர்களோடு அடிக்கடி ஆட வேண்டும். அவர்கள் ஆடிய போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடந்தன. இங்கிருந்து போய்வருவது பெரும் செலவு. அந்நியச் செலாவணி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஆரோனுக்குப் பிறகு அடுத்த இந்தியர் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆகவே 17 ஆண்டு ஆயிற்று: 1978-இல் பரமக்குடியைச் சேர்ந்த வி. ரவிக்குமார். முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த்; அது 1988. இன்று இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் 80-க்கும் மேல். இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

என் மகனுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. இனிமேல் சேர்த்தால் பிரயோஜனம் உண்டா?

ஆரோன் முதல் தேசியப் பட்டம் வென்றபோது வயது 23. கடைசிப் பட்டம் வென்றபோது 45. நடுவில் 22 ஆண்டுகள். இன்றைக்கு உலக உச்சிக்குப் போகிறவர்கள் ஆறு, ஏழு வயதில் தொடங்கிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை ‘காலம் கடந்துவிட்டது’ என்ற பேச்சோடு கூட்டிக்கொண்டு வராதீர்கள். அது அவன் காதில் விழுகிறது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு 1500 ரேட்டிங். என் மகன் ஒரு வருடமாக ஆடுகிறான், ஒன்றுமே வரவில்லை. ஏன்?

உங்கள் மகன் ஆடியவை ரேட்டிங் இல்லாத போட்டிகளாக இருக்கலாம். பள்ளிப் போட்டி, ஊர்த் திருவிழாப் போட்டி எல்லாம் அனுபவம் தரும், ரேட்டிங் தராது. ஃபிடே பதிவு பெற்ற போட்டியில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடி, அரைப் புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். கணக்கு 1400-க்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயர் ஏறாது. 2024 மார்ச்சிலிருந்து இந்த வரம்பு இருக்கிறது.

வந்த பிறகு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 1500 உள்ள சிறுவன் 1700 உள்ளவரோடு ஆடுகிறான். 200 புள்ளி வித்தியாசம் என்றால் பெரியவர் நூறுக்கு 76 புள்ளி எடுப்பார், சிறுவன் 24 எடுப்பான் என்பது எதிர்பார்ப்பு. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். சிறுவர்களுக்கு அந்த எண் 40. வென்றால் சுமார் 30 புள்ளி ஏறும். தோற்றால் சுமார் 10 இறங்கும். ஆகவே பலமானவரோடு ஆடித் தோற்பதில் இழப்பு குறைவு. பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து வயிறு எரிவதில் இழப்பு அதிகம்.

ஏழு சுற்றில் ஐந்து புள்ளி எடுத்தான். அதே ஐந்து எடுத்த இன்னொரு பையனுக்கு மூன்றாம் இடம், இவனுக்குப் பதினொன்றாம் இடம். இது என்ன நியாயம்?

பரிசளிப்பு மேடைக்குக் கீழே மிகுதியாகக் கேட்கும் சத்தம் இதுதான். சுவிஸ் முறை எப்படி என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதில் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை. ஆகவே புள்ளி சமமானால், யாரோடு ஆடி அந்தப் புள்ளியை எடுத்தான் என்று பார்ப்பார்கள். ‘புகோல்ஸ்’ என்பது அதற்கான கணக்குகளில் ஒன்று: அவன் ஆடிய ஏழு எதிராளிகளும் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவது. அந்தப் பையனின் எதிராளிகள் மொத்தம் 31 எடுத்திருக்க, உங்கள் மகனின் எதிராளிகள் 25 எடுத்திருந்தால், அந்தப் பையன் கடினமான பாதையில் வந்திருக்கிறான்.

முதல் சுற்றிலேயே தோற்றவன் கீழ்ப்பலகைகளுக்குப் போய், எளிய எதிராளிகளை வென்று ஐந்துக்கு வருவான். கடைசியில் தோற்றவன் மேல்பலகைகளில் ஆடி ஐந்துக்கு வந்திருப்பான். புள்ளி ஒன்று, வந்த வழி வேறு. நடுவரோடு சண்டை போடும் முன் தரவரிசைத் தாளில் புகோல்ஸ் கட்டத்தை ஒரு முறை பாருங்கள். கூட்டல் தப்பாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

தொட்டால் ஆடியே ஆக வேண்டும் என்பது சின்னப் பிள்ளைகளுக்குமா? பாவம் இல்லையா?

சின்னப் பிள்ளைகளுக்கும்தான். காய் கட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றால், தன் முறையில் ‘சரிசெய்கிறேன்’ என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடலாம். வேண்டுமென்றே தொட்டால் அந்தக் காயை ஆட வேண்டும்.

பத்தமடையிலிருந்து வரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. மாவட்டப் போட்டியின் ஆறாம் சுற்று. வெளியே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரியின் தலையில் அவள் இரண்டு விரல் வைத்தாள். தூக்கவில்லை. விரலுக்குக் கீழே காயைப் பார்த்தாள். பிறகு பலகையின் மறு ஓரத்தில் நின்ற எதிராளியின் யானையைப் பார்த்தாள். மந்திரி நகர்ந்தால் யானைக்கு வழி திறக்கும். விரலை எடுத்துவிட்டாள். எதிரே இருந்த பையன் கையைத் தூக்கினான். நடுவர் வந்து குனிந்து ஏதோ கேட்டார். அவள் ‘தொட்டேன்’ என்று தலையசைத்தது எனக்குத் தெரிந்தது. மந்திரியை நகர்த்தினாள், குறிப்புத் தாளில் எழுதினாள், கடிகாரத்தை அமுக்கினாள். எட்டு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் சாட்சி கிடையாது. அதன் பிறகு அவள் யோசிக்கும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது.

ஆச்சி கேட்கச் சொன்னார்கள்: பெண் பிள்ளையை ஆண் பிள்ளைகளோடு உட்கார வைத்து ஆட விடலாமா? தனிப் போட்டி இல்லையா?

பெண்களுக்குத் தனிப் போட்டி உண்டு. பொதுப் பிரிவில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். அந்த உரிமை சும்மா வந்ததில்லை. 1976-இல் ரோகிணி காடில்கர் என்ற 13 வயதுச் சிறுமி ஆண்களுக்கான இந்திய சாம்பியன் போட்டியில் ஆடினார். எதிர்ப்புக் கிளம்பியது, வழக்கு வரை போயிற்று. அப்போது ஃபிடே தலைவராக இருந்த மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்கக் கூடாது என்று முடிவு சொன்னார்.

நம் சென்னையின் எஸ். விஜயலட்சுமி 2001-இல் இந்தியாவின் முதல் பெண்கள் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆண்கள், பெண்கள் என்ற வேறுபாடு இல்லாத முழு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைக் கோனேரு ஹம்பி 2002-இல் பெற்றார். வைஷாலியும் திவ்யா தேஷ்முக்கும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆச்சியிடம் இதைச் சொல்லுங்கள். பலகைக்கு எதிரே இருப்பது ஆணா பெண்ணா என்பது குதிரைக்குத் தெரியாது என்றும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் இருந்துகொண்டே நேஷனல் வரை போக முடியுமா? சென்னைக்குக் குடிபோக வேண்டுமா?

மாவட்டத் தேர்வுப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்பது பாதை. வயதுப் பிரிவுகளுக்கும் இதே ஒழுங்குதான். இந்தப் படிகளில் ஏறுவதற்கு ஊர் தடையில்லை. 2018, 2019 என அடுத்தடுத்து இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆன அரவிந்த் சிதம்பரம் மதுரைக்காரர். 2025-இல் பட்டம் வென்ற ப. இனியன் ஈரோட்டுக்காரர். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும்: அரவிந்த் பிற்பாடு சென்னையில்தான் பயிற்சி பெற்றார். ஒரு கட்டத்துக்கு மேல் தினமும் பலமான எதிராளி வேண்டும். அது சென்னையில் எளிதாகக் கிடைக்கிறது.

அந்தக் கட்டம் வரும் வரை குடிபெயர வேண்டாம் என்பது என் கருத்து. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே முதல் சுற்றுக்குப் போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்படிப் போகாதீர்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். இரவு முழுதும் மேல்படுக்கையில் புரண்ட பிள்ளை முதல் சுற்றில் தோற்பான். அதன் விளைவு என்ன என்று புகோல்ஸ் கேள்வியில் பார்த்தோம்.

இதை நம்பி வேலை கிடைக்குமா?

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் பெட்ரோலியத் துறை நிறுவனங்களும் செஸ் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்திருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எதற்கும் மாநில, தேசிய அளவுச் சான்றிதழ் வேண்டும். ஆகவே ஒவ்வொரு சான்றிதழையும் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். படிப்பை நிறுத்திவிட்டு ஆடலாமா என்று கேட்டால் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான்.

மூன்று சுற்று தொடர்ந்து தோற்றுவிட்டாள், அழுகிறாள். மீதியை ஆட வேண்டுமா, கூட்டிக்கொண்டு வந்துவிடவா?

போட்டி அரங்கிலிருந்து தொலைபேசியில் வரும் கேள்வி இது. காய்ச்சலோ வயிற்றுவலியோ என்றால் நடுவரிடம் முறையாகச் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். சொல்லாமல் வந்தால் அடுத்த சுற்றில் ஒரு பிள்ளை எதிராளி இல்லாத பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். தோல்விதான் காரணம் என்றால் அழைத்து வராதீர்கள். மூன்று தோல்விக்குப் பிறகு சுவிஸ் முறை அவளைத் தன் பலத்துக்கு ஏற்ற எதிராளிகளிடம்தான் கொண்டுபோய் நிறுத்தும். நல்ல ஆட்டம் கிடைக்கும் நேரமே அதுதான்.

ஸ்டாக்ஹோம் கதையை அப்போது சொல்ல வேண்டாம். அழுகிற பிள்ளைக்கு வரலாறு எதற்கு? முகம் கழுவி, தயிர்சாதமோ முறுக்கோ கொடுத்து, கொஞ்சம் வெளியே நடக்க வையுங்கள். ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். குறிப்புத் தாளின் கார்பன் நகலை மட்டும் மடிக்காமல் வாங்கி வையுங்கள். திங்கட்கிழமை மாலை அந்தத் தாள்களோடு அவளை அனுப்புங்கள். மூன்று ஆட்டத்தையும் முதல் நகர்த்தலிலிருந்து பலகையில் வைத்துப் பார்க்க எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அன்று அவளுக்கு வேறு டியூஷன் வைக்காதீர்கள்.